புதுப்பிக்கப்பட்ட தெருமுனைப் பூங்காவை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

ஏழு மாதம் பூட்டிக் கிடந்த உங்கள் பகுதிப் பூங்கா புதுப்பிக்கப்பட்டுத் திறந்துவிட்டது. எட்டு வடிவ நடைபாதை, திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள், ரப்பர் தரையிட்ட சிறுவர் விளையாட்டுத் திடல், வண்ண விளக்கு நீரூற்று என எல்லாம் வந்திருக்கின்றன. ஆனாலும் பழைய பூங்காவில் உட்கார்ந்ததுபோல அங்கே ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை நோயுள்ள அம்மாவை எட்டு நடைபாதையில் நடக்க விடலாமா, இந்த வசதிகளில் எவை உண்மையில் பயன்படும், குறை இருந்தால் யாரிடம் கேட்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: உங்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றம் பழையதன்மேல் உள்ள பற்றினால் வந்ததா, அல்லது புதிய பூங்காவில் மெய்யாகவே ஏதோ குறைகிறதா? நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் குறைகிறது என்றே சொல்வேன்.

பூங்காக்களும் பள்ளி வளாகங்களும் வடிவமைக்கும் தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் பூங்காவை நான் நேரில் பார்த்ததில்லை. மருத்துவம் படித்தவனும் அல்லன். ஆகவே மண், மரம், தரை, கருவி ஆகியவற்றைப் பற்றி உறுதியோடு எழுதுகிறேன்; உடல்நலம் பற்றி வெளிவந்த ஆய்வுகள் இடம்தரும் அளவுக்கு மட்டுமே சொல்கிறேன்.

உட்கார முடியாததற்கு முதற்காரணம் நிழல் என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டு பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் வெட்டப்பட்டன, மண்தரை முழுவதும் பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். கல்லும் கான்கிரீட்டும் பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டைச் சூரியன் மறைந்த பிறகும் சில மணி நேரம் வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். சித்திரை மாதத்தில் மாலை ஆறரைக்கு வந்து கிரானைட் திண்ணையில் உட்காருபவருக்குக் கீழிருந்து அனல் வருவது அதனால்தான். ஈரமுள்ள மண்ணும் புல்லும் நீரை ஆவியாக்கித் தம்மைத் தாமே குளிர்வித்துக்கொள்ளும். மரம் அதையே இன்னும் பெரிய அளவில் செய்யும். பழைய பூங்காவில் பெஞ்சு உடைந்திருந்தும் உங்களால் உட்கார முடிந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மிஞ்சியிருக்கும் மரங்களைச் சுற்றி வட்டத் திண்ணை கட்டியிருக்கிறார்கள் என்கிறீர்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பூங்காப் புதுப்பிப்புகளில் மிகுதியாக நடக்கும் பிழை இது. மரத்துக்கு நீரும் உணவும் எடுத்துத் தரும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே இருக்கும். கிளைகள் பரவிய வட்டத்தையும் தாண்டிப் படர்ந்திருக்கும். அந்த மண்ணுக்குள் காற்றும் நீரும் போய்வர வேண்டும். தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது இந்தக் காரணத்தால்தான். அந்த ஒரு மீட்டரைக் குறைந்தபட்சம் என்றே கொள்ள வேண்டும். முதிர்ந்த மரத்துக்கு இரண்டு மீட்டராவது விடுமாறு நான் கேட்பேன். இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் வரைந்த முதல் பூங்காக்களில் ஒன்றில், முதிர்ந்த மகிழ மரம் ஒன்றைச் சுற்றி முக்கால் அடிக்கு மண்ணேற்றி அதன்மேல் கல் பதிக்கச் சொன்னேன். மூன்றாவது கோடையில் உச்சிக் கிளைகள் காயத் தொடங்கின. விடியற்காலையில் அங்கே பூப்பொறுக்க வரும் மூதாட்டி ஒருவர், காய்ந்த கிளையைக் கையால் காட்டி, "அதுக்கு மூச்சு முட்டுது தம்பி" என்றார். கல்லைப் பெயர்த்து மண்ணை அள்ளியபோது அடிமரத்தின் பட்டை ஓர் ஆள் கைப்பிடி அகலத்துக்கு அழுகியிருந்தது. ஐந்தாம் ஆண்டில் மரம் போய்விட்டது. அந்த இடத்தில் நட்ட கன்று இன்றைக்கும் அந்த நிழலில் கால்பங்கைத் தரவில்லை.

சில இடங்களில் மரம் இழப்பது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். சென்னை ஷெனாய் நகரில் உள்ள திரு.வி.க. பூங்கா மெட்ரோ ரயில் பணிக்காக 2011-இல் மூடப்பட்டது. அதன் அடியில் உள்ள நிலத்தடி நிலையம் 2017 மே 14 அன்று இயங்கத் தொடங்கியது. பூங்கா 2023-இல்தான் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டு என்றால், பூட்டிய அன்று ஊஞ்சலாடிக்கொண்டிருந்த குழந்தை கல்லூரிக்குப் போகும் வயது. விளையாட்டுத் திடல்களும் நடைபாதையுமாக அது இன்று நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் நிலையத்தின் கூரைமீது நிரப்பும் மண்ணின் ஆழம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் அங்கே மரம் வளர முடியும். பழைய பெருமரங்களின் நிழல் அதே இடத்தில் திரும்புவது அரிது. உங்கள் தெருமுனைப் பூங்காவுக்கு அடியில் ரயில் ஓடவில்லை. அங்கே மரம் போனதற்கு அப்படி ஒரு கட்டாயம் இருந்திருக்கக் காரணமில்லை. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தூங்குமூஞ்சியும் குல்மோகரும் பெருமளவில் சாய்ந்தன. அந்த அச்சத்தில் வெட்டியிருந்தால் அதைப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் அதற்கு மாற்றாகப் புங்கை, வேம்பு, மகிழம், நாவல், பூவரசு ஆகியவற்றில் எதையாவது நட்டிருக்க வேண்டும். அலங்காரப் பனையும் வெட்டிவிட்ட குறுஞ்செடியும் நிழல் தரா.

அடுத்து சிறுவர் திடல். ரப்பர் தரை தேவைதானா என்று கேட்டால், விழும் இடத்தில் மெத்தென்ற தரை கட்டாயம் தேவை என்பதே பதில். அது ரப்பராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விளையாட்டுக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரநிலையான இ.என். 1176, குழந்தை விழக்கூடிய உயரம் எந்தக் கருவியிலும் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. 2 மீட்டர் வரையான உயரத்துக்கு 20 செ.மீ., 3 மீட்டர் வரை 30 செ.மீ. ஆழத்துக்குக் களிமண் கலவாத மணல் போதும் என்றும், மணல் காலால் விலகிப்போவதை ஈடுசெய்ய மேலும் 10 செ.மீ. சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. மணலுக்குப் பதில், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் கொட்டுவது இப்போது வழக்கமாகி வருகிறது. அதன் துகள்கள் கூர்முனை கொண்டவை, நாலு மழையில் இறுகித் தரையாகிவிடும். மணலில் நாயும் பூனையும் அசுத்தம் செய்யும் என்பதும், வாரந்தோறும் கிளறிவிட ஆள் வேண்டும் என்பதும் உண்மைதான். ரப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நேர்வெயிலில் அது வெறுங்கால் வைக்க முடியாதபடி சூடாகும். பழைய டயர்களை அரைத்த துகளில் செய்யும் ரப்பர் தரை உடல்நலத்துக்குக் கேடா என்ற கேள்விக்கு இன்றுவரை முடிவான பதில் கிடைக்கவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல ஆண்டுகள் ஆராய்ந்து, அத்துகள்களிலிருந்து உடலுக்குள் சேரும் வேதிப்பொருள்களின் அளவு குறைவாகவே தெரிகிறது என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. அதற்காக அஞ்சிப் பிள்ளைகளை விளையாட அனுப்பாமல் இருக்க வேண்டாம். விளையாடி வந்ததும் கைகழுவச் செய்தால் போதும்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. சறுக்குமரத்தின் மேல்தட்டுக் கம்பிகள், ஏணிப்படிகள், வலை ஆகியவற்றின் இடைவெளியை டேப்பால் அளந்து பாருங்கள். 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட அளவில் இருந்தால், குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. டேப் இல்லையென்றால், மூடிய கை நுழைகிறது, ஆனால் பெரியவர்கள் ஆடும் கால்பந்து நுழையவில்லை என்றால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு குறைக்காகப் புத்தம்புதுக் கருவியையும் திருப்பி அனுப்பச் சொல்லலாம், நான் சொல்லியிருக்கிறேன். சறுக்குமரம் தகரமா, எந்தத் திசை பார்க்கிறது என்பதையும் பாருங்கள். மேற்கு பார்த்த தகரச் சறுக்கு, பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நாலரை மணிக்குத் தொடையைச் சுட்டுவிடும்.

உடற்பயிற்சிக் கருவிகளைப் பற்றி உற்சாகமாகவும் எழுதுகிறார்கள், வீண்செலவு என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே மிகை. இக்கருவிகளில் பெரும்பாலானவை பயன்படுத்துபவரின் உடல் எடையையே சுமையாகக் கொண்டவை. சுமையைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. அதனால் தசையை வலுவாக்க வரும் இளைஞர்கள் ஒரு மாதத்தில் விலகிவிடுவார்கள். மூட்டுகளை மெல்ல அசைத்துவிட வரும் முதியவர்கள்தாம் நிலைப்பார்கள். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும், 65 வயதைக் கடந்தவர்கள் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இக்கருவிகளால் மட்டும் அது நிறைவேறாது. நடைக்குத் துணையாகக் கொள்ளலாம். கருவிகளை நிறுவியதால் வட்டாரத்தில் உடலுழைப்பு கூடியதா என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். சில இடங்களில் கூடியது, சில இடங்களில் மாற்றம் தெரியவில்லை. தனிப்பட்ட முறையில் நான் கண்டது ஒன்று: மதிற்சுவரைப் பார்த்து வரிசையாக நிறுத்திய கருவிகளில் பெண்கள் ஏறுவதே இல்லை, முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் யாரால்தான் நிம்மதியாகக் காலாட்ட முடியும்? அதே கருவிகளைக் குழந்தைகள் விளையாடும் இடத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்த பிறகு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாட்டிமார் முறை போட்டுக் காத்திருந்ததைப் பார்த்தேன். இடுப்பைச் சுழற்றும் வட்டத் தட்டை மட்டும், முதுகுத்தண்டில் தட்டு விலகியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

உங்கள் அம்மாவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எட்டு வடிவத்தில் நடப்பதால் சர்க்கரை குறையும் என்று பூங்காவின் பலகையில் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். நடப்பதால் சர்க்கரை கட்டுப்படும் என்பது உறுதி. வட்டமாக நடப்பதைவிட எட்டாக நடப்பதில் சர்க்கரைக்குத் தனிப்பட்ட பயன் உண்டு என்பதற்கு நம்பத்தக்க சான்று போதாது. இத்தகைய நடைபாதைகளில் பதிக்கும் கூழாங்கற்களைப் பொறுத்தவரை நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 60 வயதுக்கு மேற்பட்ட 108 பேரைக் கொண்டு 16 வாரம் நடத்தி 2005-இல் வெளியிட்டார்கள், கூழாங்கல் வடிவம் பதித்த விரிப்பின்மீது நடந்தவர்களுக்கு, சாதாரணத் தரையில் நடந்தவர்களைவிட உடல் சமநிலை கூடியது, இரத்த அழுத்தமும் குறைந்தது. ஆனால் அவர்கள் நடந்தது சீராகச் செய்யப்பட்ட விரிப்பின்மீது, மேற்பார்வையோடு. நம் பூங்காவில் சிமெண்டில் செருகிய கல் அப்படியல்ல. ஒரு கல் நட்டுக்கொண்டு நிற்கும், அடுத்தது பெயர்ந்துவிடும், இடுக்கில் கண்ணாடிச் சில்லு கிடக்கும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்களுக்குக் கல் குத்தியதும் தெரியாது, கொப்புளம் வெடித்ததும் தெரியாது. அது ஆறாத புண்ணாகலாம். ஆகவே இது ஒன்றை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன்: மருத்துவர் பாதத்தைச் சோதித்து உணர்ச்சி சரியாக இருக்கிறது என்று சொல்லும்வரை அம்மாவை அந்தக் கற்களில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். சமதளமான பாதையில், பின்வார் உள்ள மிருதுவான செருப்போ ஷூவோ அணிந்து, அவருக்குப் பிடித்த வடிவத்தில் நடக்கட்டும்.

நீரூற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மோட்டார் பழுதான நாள்முதல் அது கொசு வளரும் தொட்டி. பராமரிக்க ஆளில்லையென்றால் மண்ணை நிரப்பிச் செடி வைத்துவிடுவது மேல்.

இதைவிட முக்கியமானது, பூங்காவுக்கு யார் வரவில்லை என்பது. வியன்னா நகரில் 1990-களின் நடுவில் பூங்காக்களைக் கவனித்தவர்கள், ஒன்பது பத்து வயதுக்குப் பிறகு சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவதையும், சிறுவர்கள் குறையாததையும் கண்டார்கள். ஒரே பெரிய திடலை யார் வலுவாக உரிமை கொண்டாடுகிறார்களோ அவர்களுக்கே அது போய்விடுகிறது. 1999-இல் அந்நகரின் ஐந்தாம் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களைத் திருத்தி, திடலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, பாதைகளைக் கூட்டி, கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் இடம் ஒதுக்கியபோது சிறுமிகள் திரும்பி வந்தார்கள். நம் தெருவில் கிரிக்கெட் பிடித்துக்கொள்ளும் திடலை நினைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு வாசலில் குறைந்தது 90 செ.மீ. அகலமும், படிக்குப் பக்கத்தில் ஓரடி ஏற 12 அடி நீளமுள்ள சாய்தளமும் வேண்டும். ஆனால் இருசக்கர வாகனத்தைத் தடுக்க வைக்கும் சுழல்கதவு முதலில் தடுப்பது அவரைத்தான். வெளிச்சம் போதாத மூலை, மார்பளவு உயர்ந்த வேலிச்செடி, பூட்டிய கழிப்பறை, நண்பகலில் பூட்டும் வாசல் ஆகிய ஒவ்வொன்றும் யாரோ ஒருவரை வெளியே நிறுத்தும். நண்பகலில் பூட்டினால், பொருள் விநியோகிக்கும் பையனும் வீட்டு வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகும் அம்மாவும் எங்கே உட்காருவார்கள்?

யாரிடம் கேட்பது என்றால், முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வேலைநாள், ஒரு விடுமுறை நாள். காலை ஏழு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு எட்டு. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் உட்கார்ந்து, ஆண், பெண், முதியவர், குழந்தை எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், நிழலிலா வெயிலிலா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். "பூங்கா நன்றாக இல்லை" என்ற மனு மூலையில் கிடக்கும். பகல் பன்னிரண்டுக்கு இருபது பெஞ்சில் ஒருவரும் இல்லை என்று தேதியோடு எழுதிய தாளுக்கு உதவிப் பொறியாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் தாளோடு உங்கள் வார்டின் பகுதி சபாக் கூட்டத்துக்குப் போங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுச்செய்து, மதிப்பீட்டுப் பட்டியல், வெட்டிய மரங்களுக்கான அனுமதி, கருவிகளுக்கான உத்தரவாதக் காலம், பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இவற்றில் பராமரிப்பு ஒப்பந்தமே முக்கியம். கட்டுவதற்குப் பணம் ஒதுக்கி, ஊஞ்சலின் சங்கிலியை மாதம் ஒருமுறை பார்க்க ஆளை ஒதுக்காத பூங்கா இரண்டு மழைக்காலம் தாங்காது. பூங்காவின் ஓரத்தில் கடையோ அலுவலகமோ கட்டப் போவதாகப் பேச்சு எழுந்தால், 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தப் பகுதிவாசிகள் தொடுத்த வழக்கு அது.

எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்காதீர்கள். முதல் மனுவில் இரண்டே வேண்டுகோள் போதும். ஒன்று, மரத்தடிகளில் இரண்டு மீட்டருக்குக் கல்லைப் பெயர்த்து மண்ணை விடுவிப்பது. இரண்டு கூலியாட்களுக்கு ஒரு நாள் வேலை, வேர்மேல் கடப்பாரை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. இரண்டு, பெஞ்சுகளுக்கு மேற்கே எட்டடி உயரமுள்ள புங்கைக் கன்றுகளை, மூன்றடி நீள அகல ஆழத்தில் குழியெடுத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் நடுவது. வேர் பிடித்துவிட்டால் ஐந்தாறு ஆண்டில் பெஞ்சின்மேல் நிழல் விழும். அதுவரை பந்தல்போட்டுக் கொடியேற்றலாம். மரத்தடிகளை அருகில் போய்ப் படமெடுத்து, அடிமரத்தின் சுற்றளவோடு இங்கே போடுங்கள். எந்த மரத்தை முதலில் விடுவிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.